பையில் இருந்த கம்பிச் சுருள்

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் நடந்தது இது. ஒரகடத்தில் கார் இருக்கைகள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் வாசலில் நான் செக்யூரிட்டியாக இருக்கிறேன். ஷிப்டுக்கு வரும் பெண்களின் பையைத் திறந்து பார்ப்பது, திரைக்குப் பின்னால் நிற்கவைத்துச் சோதிப்பது, செல்போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டுவது எல்லாம் என் வேலை.

அன்று மதிய ஷிப்டு. பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்க, நனைந்த பைகளோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். அதில் ஒரு பெண், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவள். வெளிநாட்டுக்குப் போகும் கார்களுக்கு, உட்கார்ந்தால் முதுகுக்குச் சூடு தரும் இருக்கைகள் எங்களிடம் தயாராகின்றன. அந்த இருக்கைக்குள் கம்பி வைத்துத் தைக்கும் லைனில் அவளுக்கு வேலை. அதிகம் பேச மாட்டாள்.

அவள் டிபன் பாக்ஸுக்குக் கீழே ஒரு துணிப்பை இருந்தது. திறந்தேன். மடித்த துணியின் மேல் சுருள்சுருளாக ஒரு கம்பி தைத்திருந்தது. அதன் முனையில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய இரண்டு பென்சில் பேட்டரிகள். ஒயரும் பேட்டரியும் சேர்ந்து இருந்தால் உடனே தகவல் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். நான் யோசிக்கவே இல்லை. எங்கள் செக்யூரிட்டி ஆபீசரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன்.

அவர் வந்தார். அவளைத் தனியாக நிறுத்தி, பையை மேஜைமேல் அப்படியே கவிழ்த்தார். டிபன் பாக்ஸ், சீப்பு, அதோடு நாப்கின்களும் விழுந்தன. பக்கத்து வரிசையில் நின்ற ஆண்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான்.

"இன்னாம்மா இது? பாமா? இல்ல, கம்பெனி கம்பிய உருவிகினு போயிட்டியா?" என்றார் ஆபீசர்.

அவள் தலை நிமிரவில்லை. மறுபடி மறுபடி கேட்டதும், "சூடு வைக்க" என்று மட்டும் சொன்னாள்.

"எதுக்குச் சூடு?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு ஏதோ உறைத்தது. சோதிக்கிறேன் என்று சொல்லி அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனேன். அவள் மேல்சட்டையைக் கொஞ்சம் தூக்கினாள். தொப்புளுக்குக் கீழே, கம்பிச் சுருளின் அச்சு அப்படியே சிவந்து பதிந்திருந்தது.

"எக்கா, மாசாமாசம் மொத ரெண்டு நாளு என்னால நிக்கவே முடியாது. ஹாஸ்டல்ல சுடுதண்ணி கெடையாது. கெட்டில் வச்சிருந்தா பிடுங்கிருவாங்க. லீவு கேட்டா வேற ஆள வச்சிருவாங்க. லைன்ல கம்பி தைக்கும்போதுதான் இப்படிச் செய்யலாம்னு தோணிச்சு. கெட்டுப்போன ஹேர் டிரையர்ல இருந்து எடுத்த கம்பிக்கா. கொஞ்ச நேரம் வெதுவெதுன்னு இருக்கும், பொறவு பேட்டரி ஓஞ்சிரும்."

"இந்தக் காயம்?"

"ஒருக்கா வச்சுக்கிட்டே தூங்கிட்டேன். துணி வெலகிருச்சு."

எனக்கும் அந்த வலி தெரியும். இத்தனை வருடம் அந்த வலியோடு இதே வாசலில் நின்றிருக்கிறேன். அப்படியிருந்தும் அவள் பையில் ஆயுதத்தைத்தான் பார்த்தேன்.

வெளியே வந்து, "வயித்துவலிக்கு ஒத்தடம் குடுக்க வச்சிருக்கு சார். லேடீஸ் பிரச்சினை" என்றேன்.

"அதெல்லாம் வூட்ல வச்சிக்கணும். நீதானே கண்டுபுடிச்ச, நீ கையெழுத்து போடு" என்று ஒரு தாளை நீட்டினார். சந்தேகத்துக்குரிய கருவி, கம்பெனியின் கம்பியாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. அதில் நான் கையெழுத்துப் போட்டால் அவள் அன்றே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "சார், அவ உள்ள வந்துகினு இருந்தா. திருடினவ திருடின பொருள வெளிய இருந்து உள்ளயா எடுத்துகினு வருவா?" என்று கேட்டேன். அதுவரை அங்கிருந்த யாருக்கும் இது தோன்றவில்லை, எனக்கும்தான்.

"எதுத்துப் பேசுறியா?" என்றார்.

"எலக்ட்ரீஷியனக் கூப்பிடுங்க சார். அவர் சொல்லட்டும்."

மெயின்டனன்ஸில் இருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். கம்பியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "நம்ம கம்பிக்கு மேல கோட்டிங் இருக்கும். இது டிரையர் கம்பி சார். பேட்டரி குடுத்தா சூடாவும், அவ்ளோதான்" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "ஆனா இத உடம்புல வைக்காதம்மா. பேட்டரியே சூடேறி ஒழுகும், வெடிச்சாலும் வெடிக்கும்" என்றார். எதற்கு என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் தாளை வாங்கி, அது ஒத்தடத்துக்கு வைத்திருந்தது, கம்பெனிப் பொருள் இல்லை என்று கீழே எழுதி, அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். ஆபீசர் படித்துவிட்டுத் தாளைக் கிழித்தார். அவளை உள்ளே அனுப்பினார்கள். தாமதமாக வந்ததாகக் குறித்து அரை நாள் சம்பளம் வேறு வெட்டினார்கள். யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மேஜையில் கிடந்ததை எடுத்துப் பையில் வைக்கக்கூட யாரும் கை கொடுக்கவில்லை. நான்தான் எடுத்து வைத்தேன்.

மறுநாள் அலுவலகத்தில் இருக்கும் மேடத்திடம் போய், முதலுதவி அறையில் பெண்களுக்கு ஒரு சுடுதண்ணீர்ப் பையாவது வையுங்கள் என்றேன். "இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்லையே" என்றார். எப்படிக் கேட்பார்கள்? கேட்பதற்கு முன்பே மேஜைமேல் கொட்டிக் காட்டுகிறோமே.

சில வாரங்களில் சுடுதண்ணீர்ப் பை வந்தது. அதை அலமாரியில் பூட்டி, சாவியை ஆண் சூப்பர்வைசரிடம் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெண்தான் வந்து சொன்னாள். அன்று டீ இடைவேளையில் அவளும் லைனில் இருந்த பெண்கள் சிலரும் நானும் சேர்ந்து மேடத்தின் அறைமுன் போய் நின்றோம். சாவி பெண்கள் ஓய்வறைக்கு வரும்வரை அங்கிருந்து நகரவில்லை.

சாவி வந்த அன்றுதான் "மன்னிச்சுக்கம்மா" என்றேன் அவளிடம். "நீங்க என்னக்கா செய்வீங்க, உங்க வேலைதானே" என்றாள். அந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இல்லை. ஒரு பெண் வலியோடு நிற்பதற்கு எந்த ஏற்பாடும் செய்யாத இடத்தில், அவளே தேடிக்கொண்ட வழியைக் குற்றமென்று முதலில் கூவியது என் வாய்தான். என்மேலேயே எனக்கு வந்த அந்தக் கோபம் ஆறாமல் இருப்பதே நல்லது என்று இன்றும் நினைக்கிறேன்.