குளிரறைக் கதவில் மூன்று தட்டு

என் வாப்பா ஸெய்னுதீன் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு மீன் கம்பனியில் மனேஜர். கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவார். அங்கே குளிரறையைப் பூட்டுமுன் கதவில் மூன்று தரம் தட்டி, "ஆள் இருக்கா?" என்று கேட்பது வழமை. வாப்பா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அலுமாரி, குசினி, கோழிக்கூடு, எதைச் சாத்தினாலும் மூன்று தட்டு. கோழிகள் மட்டும் மரியாதையாகப் பதில் சொல்லும்.

போன மாசம் ஒரு வெள்ளி, ஜும்ஆத் தொழுகை முடிந்து வாப்பா வருமுன் நான் அலுமாரிக்குள் உடுப்புகளின் பின்னால் புகுந்துகொண்டேன். பாதி திறந்து கிடந்த கதவை அவர் சாத்தித் தட்டினார். நானும் உள்ளிருந்து மெதுவாக மூன்று தரம் தட்டினேன்.

ஏச்சு விழும் என்று பார்த்தால் சத்தமே இல்லை. வெளியே வந்தேன். வாப்பா தரையில் குந்தியிருந்தார்.

"ரட்ணம், இந்தா திறக்கிறன்... திறக்கிறன்..."

சட்டைப் பையில் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த அலுமாரிக்குப் பூட்டும் இல்லை, திறப்பும் இல்லை.

உம்மா எனக்கு அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. குசினிக்குள் இழுத்துப்போய்ச் சொன்னார். ஆறு வருடத்துக்கு முன், லொறிக்காரன் ஹோர்ன் அடித்து அவசரப்படுத்த, வாப்பா தட்டாமலே குளிரறையைப் பூட்டிவிட்டாராம். உள்ளே யேசுரட்ணம் என்ற தொழிலாளி. உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது. மூன்று மணித்தியாலம் கழித்துத் திறந்தபோது உயிர் இருந்தது, வலக்கையில் மூன்று விரல் பிழைக்கவில்லை. 'சொல்லாமல் உள்ளே போனது அவருடைய பிழை' என்று முதலாளி சொல்ல, வாப்பா எழுதிக் கையெழுத்து வைத்தார். யேசுரட்ணத்துக்கு வேலை போனது. வாப்பா மனேஜர் ஆனார்.

"இப்ப அந்தக் கைப்பிடி திரும்பவும் உடைஞ்சிட்டு. திங்கக்கிழமை பரிசோதனை. எல்லாம் சரியெண்டு கையெழுத்துக் கேக்கிறாங்க. மூணு நாளா வாப்பா அந்தத் தாளைக் கொண்டு திரியிறார்."

நான் போய் வாப்பாவின் பக்கத்தில் இருந்தேன்.

"உள்ளுக்க இருட்டா இருந்திச்சா, மகன்?"

"ஓம்."

"நீ தட்டினது கேட்டிச்சு." சட்டைப் பையிலிருந்த அந்தத் தாளை வெளியே எடுத்தார். "அண்டைக்கு ரட்ணம் தட்டினதும் கேட்டிச்சு. ஐஸ் வெடிக்குதெண்டு நினைச்சன். அப்படி நினைக்கிறது எனக்குச் சுகமா இருந்திச்சு."

பிறகு முதலாளிக்குப் போன் எடுத்தார்.

"கைப்பிடி மாத்தும்வரைக்கும் கையெழுத்து வைக்க ஏலாது."

முதலாளியின் குரல் எனக்கே கேட்டது. "உங்கட மனேஜர் கதிரைக்கு வேற ஆள் இருக்கு, ஸெய்னுதீன்."

"ஓம் முதலாளி. பூட்டமுந்தித் தட்டச் சொல்லுங்க அவரை."

இப்போது வாப்பா வீட்டில்தான் இருக்கிறார். இன்னும் தட்டுகிறார். தட்டும்போதெல்லாம் நான் எங்கே நின்றாலும், "இஞ்ச வெளியிலதான் நிக்கிறன் வாப்பா" என்று கத்துவேன். தலையாட்டுவார். காது மட்டும் கதவை விட்டு வராது.