மனுவேல் தண்டலின் இரண்டு கப்பல்கள்

1946ஆம் வருஷம், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கிய நேரம். கப்பலிலிருந்து இறங்கிய கிரேன் கொக்கி ஒன்று காற்றில் ஆடி வந்து மனுவேல் தண்டலின் நெற்றிப்பொட்டில் அடித்தது. அரிசி மூட்டைகளின் மேல் விழுந்ததால் உயிர் தப்பியது. தோணியில் இருந்தவர்கள் அதை மாதாவின் புதுமை, அற்புதம் என்றார்கள். பனிமய மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார்கள்.

தூத்துக்குடியில் அன்று பெரிய கப்பல்கள் கரைக்கு வரமுடியாது. ஆழமில்லை. தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை ஏற்றி இறக்குவது தோணிகள்தான். தோணியை நடத்துகிறவன் தண்டல். ஆடுகிற தோணியை ஆடுகிற கப்பலோடு மோதாமல் அணைத்துக் கட்டுவதில்தான் ஒரு தண்டலின் பேர் இருக்கிறது. அந்தப் பேர் முப்பது வயதிலேயே மனுவேலுக்கு வந்துவிட்டது. கப்பலின் சாயம்கூடப் பெயராமல் அணைப்பான் என்பார்கள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது மனைவி பிளாரன்ஸ் எதிரே நின்றாள்.

"ஏளா, உன் பக்கத்துல நிக்கது யாரு?" என்று கேட்டான்.

"ஒருத்தருமில்லையே. புள்ள பேபியைக்கூடப் பக்கத்து வீட்டுலதான் விட்டுட்டு வந்திருக்கேன்."

இரண்டு பிளாரன்சும் ஒரே நேரத்தில் வாயசைத்தார்கள். இரண்டு பேர் கழுத்திலும் அதே ஜெபமாலை. மனுவேல் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

டாக்டர் சிவசுப்பிரமணியன் பொறுமைசாலி. முதலில் ஒரு கண்ணை மூடச் சொன்னார். உலகம் ஒன்றாயிற்று. மற்றதை மூடச் சொன்னார். அப்போதும் ஒன்றுதான். இரண்டையும் திறந்ததும் எல்லாம் மறுபடி இரண்டாகப் பிரிந்தது.

"ஒம்ம கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. வலது கண்ணை வெளிப்பக்கமாத் திருப்புற நரம்பு செத்துக் கிடக்கு. அதனால அந்தக் கண்ணு மூக்கைப் பார்த்தே நிக்குது. ரெண்டும் ஒரே இடத்தைப் பார்த்தாத்தான் மூளை ரெண்டையும் ஒண்ணாச் சேர்க்கும். இப்ப ஆளுக்கொரு பக்கம் பார்க்குது."

"அப்ப ஒண்ணைக் கட்டிக்கிட்டே தோணி ஓட்டிரலாமா?"

டாக்டர் தன் பென்சிலை எடுத்து அவன் முகத்துக்கு எதிரே குறுக்காக நீட்டினார். "ஒரு கண்ணை மூடிக்கிட்டு, பக்கவாட்டிலேருந்து விரலைக் கொண்டுவந்து இந்த நுனியைத் தொடும், பார்ப்போம்."

மனுவேல் சிரித்துக்கொண்டே விரலைக் கொண்டுபோனான். விரல் பென்சிலுக்கு முன்னாலேயே வெறுங்காற்றைத் தொட்டது. மறுபடி முயன்றான். இந்தத் தடவை தாண்டிப் போனது. அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"கிட்ட இருக்குறது எம்புட்டுத் தூரம்னு சொல்றது ரெண்டு கண்ணும் சேர்ந்துதான். சில பேருக்கு நரம்பு தானாத் திரும்பும். பொறுத்துப் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

பொறுத்தார்கள். மழைக்காலம் வந்து போயிற்று. மனுவேல் சோற்றுத் தட்டுக்கு வெளியே கை வைத்தான். இல்லாத வாசற்படியில் கால் தூக்கினான். ஒரு நாள் பிளாரன்சின் ஜெபப் புத்தகத்தை முகத்துக்குப் பக்கமாக வைத்துப் பார்த்தவன் கத்திவிட்டான். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்த வரிகள் சேர்ந்து, எழுத்துகள் ஒற்றையாக நின்றன. மங்கள வார்த்தை ஜெபத்தைப் பிழையில்லாமல் வாசித்தான். பிளாரன்ஸ் மண்டியிட்டு அழுதாள். அன்று குசினியில் கறி வெந்தது.

மறுநாள் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "கிட்டத்துல உள்ளதைப் பார்க்கும்போது எல்லாருக்குமே ரெண்டு கண்ணும் உள்பக்கம்தான் திரும்பும். ஒமக்கு ஏற்கனவே திரும்பித்தான் நிக்குது. அதனாலதான் ஒண்ணாத் தெரியுது. இது சுகமாகுறது இல்ல, தண்டல்."



தானாகவே மனுவேல் இன்னொன்றையும் கண்டுபிடித்தான். முகத்தை வலது பக்கம் நன்றாகத் திருப்பிக்கொண்டு, இடது ஓரமாகப் பார்த்தால் தூரத்தில் உள்ளதும் ஒன்றாகிவிடும். அப்படியே நடக்கத் தொடங்கினான். "மனுவேலுக்குப் பவுசு கூடிப்போச்சுலே, ஆளை நேராப் பார்க்க மாட்டேங்கான்" என்று கடற்கரையில் பேசினார்கள்.

அதே தோணியில் வேலை பார்த்த பிளாரன்சின் தம்பி கஸ்பார்தான் அந்த யோசனையைச் சொன்னான். "அத்தான், கப்பல் எப்பவும் இடது பக்கம் வாரமாரி தோணியைக் கொண்டு போவோம். நான் முன்முனையில நின்னு தூரத்தைக் கூவுதேன். நீங்க சுக்கானைப் பிடிங்க. ஒருத்தனுக்கும் தெரியாது."

"வேண்டாம்லே. உனக்கு வேம்பாருல பொண்ணு பேசி வச்சிருக்கு."

"அதுக்குத்தான் சொல்லுதேன். தோணி வேற கைக்குப் போயிட்டா நம்ம ரெண்டு வீடும் என்னத்தைத் தின்னும்?"

போனார்கள். "மூணு பாகம்... ரெண்டு... விடுங்க!" என்று கஸ்பார் இரு கை விரித்த நீளமான பாகக் கணக்கில் இடைவெளியைக் கூவ, மனுவேல் சுக்கானைத் திருப்ப, தோணி மெத்தென்று போய் அணைந்தது. சில வாரங்கள் அப்படியே ஓடின. மனுவேல் பழையபடி பாடக்கூடத் தொடங்கியிருந்தான்.

அன்று கப்பலின் வழக்கமான பக்கத்தில் வேறு தோணிகள் நெருக்கி நின்றன. மறுபுறம் போய் அணைக்கச் சொல்லி மேலிருந்து கத்தினார்கள். நீரோட்டம் அவர்களைச் சுற்றித் தள்ளியதில் கப்பல் மனுவேலின் வலது பக்கம் வந்துவிட்டது. எவ்வளவு திருப்பியும் கழுத்துப் போதவில்லை. கறுத்த இரும்புச் சுவர் இரண்டாகப் பிளந்து, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து மிதந்தது. முன்முனையில் இரண்டு கஸ்பார்கள் நின்றார்கள்.

"எம்புட்டுலே?" என்று அலறினான்.

கஸ்பார் ஏதோ கூவினான். காற்று அதைக் கொண்டுபோயிற்று. மனுவேல் இரண்டு சுவர்களில் ஒன்றை நம்பிச் சுக்கானைத் திருப்பினான். அது பொய்ச் சுவர். மோதப்போகிறது என்று கண்ட கஸ்பார் தோணியைத் தள்ளிவிட ஒரு காலை வெளியே நீட்டியிருந்தான்.

முழங்காலுக்குக் கீழே ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

வேம்பாரிலிருந்து பெண்ணின் மாமன் ஒருவர் வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நல்லபடியாகத்தான் பேசினார். போகும்போது நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தைத் தலையணையருகே வைத்துவிட்டுப் போனார். கஸ்பார் யாரையும் ஏசவில்லை. மனுவேல் வந்தால் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

"நீங்க இனி அங்கன போகாதீங்க. உங்களைப் பார்த்தா அவன் சாப்பிட மாட்டேங்கான்" என்றாள் பிளாரன்ஸ்.

அவள் உப்பளத்து வேலைக்குப் போனாள். வெயிலில் உப்பு வாரிவிட்டு, காந்தும் கண்ணோடு வந்து, ஒரே அடுப்பில் இரண்டு வீட்டுக்கும் பொங்கினாள். தம்பிக்குச் சோறு கொண்டுபோகும்போது புருஷன் பேரை எடுக்கமாட்டாள். வீடு திரும்பினால் தம்பி பேரை எடுக்கமாட்டாள். தோணி வேறொரு தண்டலிடம் போய்விட்டது. மனுவேலைக் கரையில் தோணிப் பாய் தைக்கக் கூப்பிட்டார்கள். முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துத் தைக்கப் பாய் என்ன கைக்குட்டையா? சில நாளில் அவனே நின்றுவிட்டான்.

வருஷம் இரண்டு கழிந்தும் நரம்பு திரும்பவில்லை. டாக்டரும் மாற்றலாகிப் போயிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் புறப்படுகிற நேரம். பிளாரன்ஸ் மகள் பேபிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை நேராக்கி விட்டாலும் குழந்தையின் முகம் வலது பக்கமே திரும்பிக்கொண்டது. கண்கள் இடது ஓரமாக அம்மாவைப் பார்த்தன.

"நேராப் பாருளா."

"அப்பா இப்பிடித்தான பாக்காவ?" என்றது பேபி.

பிளாரன்ஸ் சீப்பாலேயே அதன் முதுகில் அடித்தாள். ஒரு அடி அல்ல. பிறகு சீப்பை வீசிவிட்டுத் தன் தலையிலே அடித்துக்கொண்டு அழுதாள். வாசலில் நின்ற மனுவேல் உள்ளே வரக் காலெடுத்தான்; எதிரே இரண்டு பிள்ளைகள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தன. அவன் அப்படியே திரும்பி வெளியே நடந்தான். கோயிலில் இரண்டாம் மணி அடித்தது. யாரும் பூசைக்குப் போகவில்லை.