மாவு பரப்பிய அறை

எங்கள் உறவினர்களுக்கென்று கைபேசியில் ஒரு குழு இருக்கிறது. பெரியப்பா இறந்த பதினோராம் நாள் தம் அறைக்குள் நடந்து வந்தார் என்றொரு கதை சென்ற மாதம் அதில் சுற்றியது. பெங்களூரில் கணினிப் பணியில் இருக்கும் பிள்ளைகள் அதன் கீழே கும்பிடும் கைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அன்று அந்த வீட்டில் இருந்தவர்களில் இன்று எஞ்சியிருப்பவளும் நான் ஒருத்திதான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது என் கடமை. மறைத்திருந்தால் என் பெயருக்கு நல்லதாக இருந்திருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன்.

எங்கள் வீடு மத்திகிரியில், கால்நடைப் பண்ணைக்குப் போகும் சாலையில் இருந்தது. ஒசூரைச் சுற்றி ஆலைகள் எழும்பத் தொடங்கியிருந்த காலம். பின்கட்டில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆலை வேலைக்கு வந்த ஒருவர் குடியிருந்தார். முன்கட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும், என் பெற்றோரும், எட்டு வயதில் நானும். பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. எனக்குத் தலை பின்னுவதும், நான் தவறு செய்தால் முதுகில் ஒன்று வைப்பதும் அவருடைய உரிமைகளாக இருந்தன. என் தாயார் அதில் தலையிட்டு நான் பார்த்ததில்லை.

பெரியப்பாவுக்குக் கடைசி மூன்று மாதம் இடது கால் விளங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலால் மட்டும் தத்தித் தத்தி நடைவழியில் போவார். அந்த ஓசை நின்றுபோன பிறகுதான் அவர் இறந்துவிட்டார் என்பது எனக்கு உறைத்தது.

இறந்தவர் எங்கே போனார் என்பதில் வீட்டுக்குள் நான்கு கருத்துகள் நிலவின. என் தந்தையார் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். உயிர் என்பது சுடர் போன்றது. அணைந்த சுடர் எங்கே போயிற்று என்று யாரும் தேடுவதில்லை என்பார். பெரியம்மாவின் அண்ணன் ஆனேக்கல்லிலிருந்து வந்திருந்தார். போனவன் தெற்கே பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டான், திரும்பிப் பார்க்கவும் அவனுக்கு அனுமதி இல்லை என்பது அவர் கட்சி. பின்கட்டுக்காரரோ, "செத்தவங்க எங்கயும் போவ மாட்டாவ அண்ணாச்சி. வீட்டுலயேதான் இருப்பாவ. நாமதான் பாத்து நடந்துக்கிடணும்" என்று சொல்லி என் தூக்கத்தைக் கெடுத்தார். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. கணவர் திரும்பி வருவார் என்று காத்திருந்தார். அது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது.

இந்த நான்கில் எது சரி என்பதைப் பொறுத்து ஒரு காரியம் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் தங்கையைத் தம்மோடு அழைத்துப்போக வந்திருந்தார்.

"இங்க இனி இன்னாம்மா இருக்குது ஒனக்கு? பா, வா, வூட்டுக்குப் போலாம்" என்று பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாக அவர் பத்து நாளாக மன்றாடிக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் காலையில் பெரியம்மா வாய் திறந்தார்.

"மாவு பரப்பிப் பாக்கலாம்ணா. உள்ளார வந்த தடம் இருந்தா நான் இங்கயே இருந்துக்கறன். வெளிய போன தடம் இருந்தாலும் சரி, தடமே இல்லன்னாலும் சரி, சாயங்கால பஸ்ஸுக்கு ஒன்னோட வரன். அப்பறம் ஒரு வார்த்த பேச மாட்டன்."

அண்ணன் அதற்கு ஒப்புக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அப்படியொரு வழக்கம் உண்டு. உயிர் பிரிந்த அறையைச் சாணமிட்டு மெழுகி, கேழ்வரகு மாவைத் துணியில் சலித்துத் தரை முழுவதும் தூவி, உள்ளே ஒரு விளக்கை ஏற்றி, உச்சிப் பொழுதில் கதவைச் சாத்திவிடுவார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் திறந்து பார்ப்பார்கள். மாவில் பறவையின் காலோ, மாட்டின் குளம்போ, பாம்பு ஊர்ந்த கோடோ இருக்கும். மனிதக் காலென்றால் குழந்தைப் பாதம் அளவுதான் விழும் என்பார்கள். போனவர் இனி என்னவாக வருவார் என்பது அதிலிருந்து தெரியும்.

என் தந்தையார் எதிர்க்கவில்லை. ஆனால் சோதனை என்றால் முறையாக நடக்க வேண்டும் என்று சொல்லி, கதவைப் பூட்டிச் சாவியைத் தம் இடுப்பில் செருகிக்கொண்டார். "பூன நொழைஞ்சிட்டு அண்ணன் பூனையாப் பொறக்கப் போறார்னு ஆரும் அழக்கூடாது பாருங்க" என்றார். பெரியம்மாகூடச் சிரித்துவிட்டார்.

ஆண்கள் ஏரிக்குக் குளிக்கப் போனார்கள். பெண்கள் பின்புறத்தில் படையலுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். நடைவழியில் நான் மட்டும் நின்றேன். பெரியம்மாவின் துணிப்பை கட்டி முடிக்கப்பட்டுத் தூணோரம் இருந்தது. அதைப் பார்த்த பிறகே எனக்கு அந்த எண்ணம் வந்தது.

அறைக் கதவுக்குப் பக்கத்திலேயே நடைவழியைப் பார்த்து ஒரு சன்னல் உண்டு. அதன் மரக்கம்பிகளில் ஒன்று கழலும். வெல்லம் திருடுவதற்காக நான் கண்டுபிடித்து வைத்திருந்த வழி அது. கம்பியைக் கழற்றி, இடுப்பு வரை உள்ளே நுழைத்துத் தொங்கினேன். தரை கைக்கு எட்டியது.

அந்த அறையை இன்றும் என்னால் சரியாக விவரிக்க முடியும். வெளியே நண்பகல் வெயில். உள்ளே விளக்கின் வெளிச்சம் மட்டும். சுடர் சிறிதும் அசையவில்லை. கேழ்வரகு மாவு மனிதத் தோலின் நிறம் கொண்டது. சுவருக்குச் சுவர் அது பரந்து கிடந்தபோது தரையே உடம்பாகி மல்லாந்து படுத்திருப்பதுபோலத் தோன்றியது. பெரியப்பாவின் காலுக்குத் தேய்த்த தைல வாடை இன்னும் போகவில்லை. என் மூச்சு ஒன்று, அதற்குப் பதில்போல இன்னொன்று. எதிரொலி என்று இதற்கு விளக்கம் சொல்லி நானே பின்னாளில் மாணவிகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அன்று எனக்கு அந்தப் பாடம் தெரியாது.

கண்ணன் பிறந்த நாளுக்கு வாசலிலிருந்து பூசையறை வரை குழந்தைப் பாதம் வரைவோம் அல்லவா? கையை முட்டியாக மடக்கிப் பக்கவாட்டில் பதித்து, மேலே ஐந்து விரல்களுக்கு ஐந்து பொட்டு வைக்க வேண்டும். பெரியம்மாவிடம் கற்ற கலை அது. கதவின் பக்கமிருந்து அறையின் உட்புறம் பார்த்தவாறு ஒரு பாதம் பதித்தேன். அதற்கு முன்னால், கை எட்டிய மட்டும், இன்னொன்று. ஒரு கையால் சன்னலைப் பிடித்திருந்ததால் இரண்டையும் வலக்கையாலேயே பதிக்கவேண்டியதாயிற்று. அதனால் இரண்டும் ஒரே காலின், வலக்காலின், தடங்களாக அமைந்துவிட்டன. எனக்கு அது தெரியவில்லை. அதற்கு மேல் அங்கே தொங்கிக்கொண்டிருக்கத் துணிவும் இல்லை. வெளியே வந்து கம்பியைப் பொருத்திவிட்டு, கொல்லைக்குப் போய்ப் பெரியம்மாவின் முதுகோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் தந்தையார் பூட்டைத் திறந்தார். எல்லோரும் வாசற்படியில் நெருக்கியடித்து நின்றார்கள். நான் பெரியவர்களின் கைகளுக்கு நடுவே தலையை நீட்டிப் பார்த்தேன்.

மூன்று தடங்கள் இருந்தன.

முதல் இரண்டும் நான் பதித்தவை. மூன்றாவது அறையின் நடுவில், பெரியப்பாவின் கட்டில் கிடந்த இடத்தில் இருந்தது. என் கை மட்டுமல்ல, சன்னலிலிருந்து எந்த மனிதக் கையும் அவ்வளவு தொலைவு எட்டாது. இடையில் மாவு கலையவே இல்லை. அது மற்ற இரண்டைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது. அது மறுகாலின் தடம்.

முதலில் பேசியவர் பெரியம்மாவின் அண்ணன்தான்.

"நோடு... பாரும்மா. மொத ரெண்டும் சோத்துக்கால். தத்தித் தத்தி வந்திருக்கான். மூணாவதா வெச்சது அந்தக் காலு. வெளங்காமப் போச்சே, அந்தக் காலு."

"எலி" என்றார் என் தந்தையார்.

"எலிக்குக் குதிகாலும் அஞ்சு வெரலும் இருக்குமா மாப்ளே?"

தந்தையார் சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். பெரியம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "கால் வந்திருச்சு அவருக்கு" என்று ஒரு முறை சொன்னார். பிறகு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். பின்கட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நான் சொன்னம்லா" என்று மெல்ல முனகினார். இரண்டு என் வேலை என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் மூன்றாவது யாருடையது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை யாரும் கேட்டுவிடக் கூடாது என்றே நான் அஞ்சினேன்.

அண்ணன் சொன்ன சொல் தவறாதவர். மாலைப் பேருந்துக்குத் தனியாகவே போனார். துணிப்பை மறுபடி உள்ளே போயிற்று.

வாசகர்கள் கேட்கக்கூடியதை நானே எழுதிவிடுகிறேன். சாவி என் தந்தையாரிடம் இருந்தது. ஏரியிலிருந்து அவர் மற்றவர்களுக்கு முன்னதாகவே வீடு திரும்பினார். மாவு சலித்த துணி நடைவழி ஆணியில்தான் தொங்கியது. சன்னலருகே நான் செய்து வைத்த அரைகுறை வேலையைப் பார்த்த ஒருவர், உள்ளே போய் மறுகாலைப் பதித்துவிட்டுப் பின்வாங்கியபடியே மாவைச் சலித்துத் தம் சுவட்டை மூடியிருக்க முடியும். ஆனால் அவரோ வகுப்பில் ஒரு மாணவன் சோதனை முடிவை ஒரு புள்ளி மாற்றி எழுதினாலும் நோட்டைக் கிழித்து எறிந்தவர். அவர் அதைச் செய்தார் என்று எழுத என் கை வரவில்லை. அவர் செய்யவில்லை என்றால் பிறகு யார் என்று எழுதவும் வரவில்லை. இரண்டில் எதை ஒப்புக்கொண்டாலும் நான் மதிக்கும் ஒன்றுக்கு இழுக்கு நேர்கிறது. அவர் உயிரோடிருந்தவரை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்று மாலை எனக்குச் சோறு போடுவதற்கு முன் பெரியம்மா என் வலக்கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றார். நீர் ஊற்றினார். என் சுண்டுவிரல் ஓரத்தையும் நகக்கண்களையும் ஒரு ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தார். பழுப்பு மாவு கரைந்து கல்லில் ஓடியது. அடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அடி விழவில்லை.

"எத்தன வெச்ச கண்ணு?" என்றார். மிகத் தாழ்ந்த குரல்.

நான் கல்லில் ஓடிய மாவையே பார்த்தேன்.

"பெரிம்மா ஒண்ணும் சொல்ல மாட்டன். ரெண்டா, மூணா?"

"ரெண்டு."

"சாமி சத்தியமா?"

"சாமி சத்தியமா ரெண்டுதான் பெரிம்மா."

என் மணிக்கட்டில் அவர் பிடி இறுகியது. நான் கையை உருவிக்கொள்ளப் பார்க்கும் அளவுக்கு இறுகியது. பிறகு விட்டுவிட்டார். ஈரக் கையால் தம் தலைமுடியை ஒதுக்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டார். என்னை அங்கேயே விட்டு நடைவழியில் போய் அந்த அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். தண்டனையிலிருந்து தப்பினேன் என்ற மகிழ்ச்சி எனக்கு. நான் சொன்ன அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒருவர் தம் மிச்ச ஆயுளையும் அந்த அறையிலேயே கழிக்க முடியும் என்பது எட்டு வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

சற்று நேரம் கழித்து உள்ளேயிருந்து பெரியம்மாவின் பேச்சுக் குரல் கேட்டது. நேரத்துக்குச் சாப்பிடாதவரைக் கடிந்துகொள்ளும், பாதி சிரிப்பு கலந்த குரல். இடையிடையே பதிலுக்குக் காத்திருப்பதுபோல நின்று நின்று கேட்டது. என்னைத்தான் சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "வரன் பெரிம்மா" என்று கிணற்றடியிலிருந்து நான் குரல் கொடுத்தேன்.