தம்பியைப் பற்றிக் கேட்காமல் இருந்த வருஷம்

விசுவாசிகளே, நான் அதிகம் படித்தவன் அல்ல. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

விகாரி வருஷம் மழை பொய்த்தது. நான் பஞ்சு வண்டிகளோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன். தேவதானத்துக்குத் திரும்பியபோது வீடு பூட்டிக் கிடந்தது. என் ஒரே தம்பி, சிறுவயதில் நாய் கடித்து ஒரு காது பாதியான ஞானமுத்து, ஆள் சேர்க்க வந்த கங்காணி ஒருவனோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டான் என்றார்கள். எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை.

தூத்துக்குடி வரை நடந்தேன். கப்பலுக்கு நின்ற கூட்டத்தில் தேடினேன். பட்டினி பழகிவிட்டது, அவன் இல்லாதது பழகவில்லை. திரும்பி வந்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் நடுவே சாலையில் வருகிறவனையெல்லாம் நிறுத்திக் கேட்டேன்.

"தம்பியத் தொலைச்சவன் வாரான், ஓடுங்கலே!" என்று வண்டிக்காரர்கள் சிரிப்பார்கள்.

அப்போது இராஜபாளையம் சந்தைக்குப் பக்கத்தில் ஏசுவடியான் ஒரு கூடம் திறந்திருந்தான். என் வயதுக்காரன், சமையல் வேலை பார்த்தவன். காலியாகக் கிடந்த பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியைக் கேட்டு வாங்கியிருந்தான். போக்கிடம் இல்லாத வாலிபர்களுக்குச் சாயங்காலம் கஞ்சி, படுக்கப் பாய், விரும்பினால் ஜெபம். இலங்கையிலிருந்து திரும்புகிறவர்களும் வருவார்கள் என்பதால்தான் நான் அங்கே ஒட்டிக்கொண்டேன்.

வாசலிலேயே நின்று கேட்பேன். எந்த ஊர், யார் மகன், ஞானமுத்துவைப் பார்த்தாயா? வந்தவர்களில் பலர் வீட்டை விட்டு ஓடியவர்கள், பேரை மாற்றிக்கொண்டவர்கள். ஒருவன் சட்டியைக் கீழே வைத்து, "கஞ்சி ஒரு அகப்பை, கேள்வி ஒம்பது அகப்பையா?" என்று எழுந்து போனான். ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிட்டார்கள். கூடம் வெறிச்சென்று ஆனது.

ஏசுவடியான் அடுப்பை அணைத்தான். "ஏலே மாசிலாமணி, நீ என்ன போலீஸ்காரனா? நாளைக்கு ஒன் தம்பியே பசியோட வந்தாலும் இந்தக் கேள்விக்கு மெரண்டு ஓடிருவாம்லே."

அந்தச் சொல் குத்தியது. மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கண்மாய்க் கரையில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, என் தம்பியை உமது கையில் விடுகிறேன். கேட்காமல் இருக்க எனக்குப் பெலன் தாரும்" என்று அழுதேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் யாரையும் கேட்கவில்லை. கஞ்சி ஊற்றும்போது நாக்கு நுனிவரை வரும். விழுங்கிக்கொள்வேன். மெல்ல மெல்லக் கூடம் நிறைந்தது.

பிலவ வருஷம் கார்த்திகை அடைமழையில், இலங்கையிலிருந்து ஒருவன் நனைந்துகொண்டு வந்தான். சில நாள் பேசவே இல்லை. ஒரு சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டே தானாகச் சிரித்தான்.

"தோட்டத்துல நாங்க குடியிருக்குற லயத்துல தேவதானத்தான் ஒருத்தன் இருக்கான்ணே. நாய் கடிச்சு ஒரு காது பாதிதான். அட்டை எம்புட்டு கடிச்சாலும் எங்க ஊரு நாய்க்கு ஈடாகுமாம்பான்."

அது என் தம்பியின் காது. கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவனே சொன்னான்: "பாவம், அவனுக்கு ஒரு அண்ணன். வண்டியோட போனவன். எங்கயாவது உசுரோட இருக்கணும்னு தெனமும் ஜெபம் பண்ணுதான்."

"அந்த அண்ணன் நான்தாம்லே" என்றேன்.

இருவரும் அழுதோம். "கஞ்சி ஆறுது, குடிச்சிட்டு அழுங்கலே" என்ற ஏசுவடியானும் அழுதான்.

அந்தச் செய்தி சொன்னவன் தோட்டத்துக்குத் திரும்பிப் போனபோது என் செய்தியைக் கொண்டுபோனான். ஒப்பந்தம் முடிந்ததும் "நானே வாரேன்" என்று தம்பி சொல்லியனுப்பினான். இன்னும் வரவில்லை. வாசலில் நிழல் விழுந்தால் அகப்பையை வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறேன். ஆனாலும் கடலுக்கு இரண்டு பக்கமும் ஏறெடுத்த ஜெபத்தை ஒருவரே கேட்டார் என்று அறிந்திருக்கிறேன். ஊர் சுற்றிய என் கால் இப்போது ஒரே இடத்தில் நிற்கிறது. அவருக்கே ஸ்தோத்திரம்.

உங்களில் யாரையாவது பிரிந்து தவிக்கிறவர்கள் இருந்தால், பிரிந்துபோனவர்களைக் கர்த்தர் கையில் விடுங்கள். விட்டுவிட்டால் மறந்ததாகாது. நாம் போக முடியாத இடத்துக்கு அவர் போகிறார்.