அப்பாவின் லோரியில் முன் இருக்கை

ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுத்து முன்னே பின்னே இருக்கும், ஞாபகமும் சரியில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

யோங் பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா லோரி ஓட்டினார். காலையில் தோட்டத்துப் பிள்ளைகளை டவுன் தமிழ்ப்பள்ளியில் கொண்டுபோய் விடுவதும் அவர்தான். மற்றவர்கள் பின்னால் நின்று கத்திக்கொண்டு வருவார்கள். எனக்கு மட்டும் முன் இருக்கை. டிரைவர் மகளுக்குச் சலுகை என்று நினைத்தார்கள். எனக்கு அங்கே வேலை இருந்தது. அப்பா தூங்கிவிடாமல் நான் பேசிக்கொண்டே வரவேண்டும்.

அப்பாவுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. பருத்த உடம்பு, கழுத்தே தெரியாது. இரவெல்லாம் குறட்டை விடுவார். பகலில் சோற்றுத் தட்டின் முன்னாலேயே கண் செருகிவிடும்.

"ராத்திரி பூரா தூங்கிட்டு பகல்ல என்னா தூக்கம்?" என்பார் அம்மா.

"தூங்குன மாதிரியே இல்ல புள்ள" என்பார் அப்பா. நாங்கள் சிரிப்போம்.

நான் வாய் திறக்காத பெண். பேச்சு வராமல் வாய்ப்பாடு சொல்லுவேன். ஏழாம் வாய்ப்பாட்டில் வேண்டுமென்றே தப்பு விடுவேன். அப்பா திருத்தினால் விழித்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஒருமுறை பள்ளி விழாவில் என்னைப் பாட வைத்தார்கள். வருகிறேன் என்ற அப்பா வரவில்லை. வெளியே லோரியிலேயே வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். "உங்கப்பா தண்ணி போட்டாச்சா லா?" என்று பையன்கள் கேலி செய்தார்கள். மறுநாள் காலை, கோபத்தில் நான் வாய்ப்பாடு சொல்லவில்லை.

வளைவு தாண்டியதும் லோரி சாலையோர லொங்காங் சாக்கடையில் இறங்கிவிட்டது. ஒரு பையனுக்குக் கை முறிந்தது. அப்பா பிள்ளைகளையெல்லாம் தூக்கிவிட்டு, கடைசியாக என்னிடம் வந்தார்.

"ஏம்மா, இன்னிக்கி ஒண்ணும் சொல்லல?"

அவ்வளவுதான் கேட்டார். குடித்துவிட்டு ஓட்டினார் என்று ஆபீஸில் சாவியை வாங்கிக்கொண்டு புல் வெட்ட அனுப்பினார்கள். கள்ளுக்கடைப் பக்கமே போகாத மனிதர். பிறகு அவர் லோரியைத் தொட்டதே இல்லை. நான்தான் காரணம் என்று யாரிடமும் சொல்லாமலே வளர்ந்தேன்.

இப்போது தெப்ராவில் மகனோடு இருக்கிறேன். அவனுக்கும் இனிப்பு நீர், அதே கழுத்து. சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியவன் அப்படியே தூங்கிப்போனான். ஆஸ்பத்திரியில் சோதித்து, படுக்கும்போது மூக்கில் மாட்ட நீளக் குழாய் வைத்த ஒரு மிஷின் கொடுத்தார்கள். "பிள்ளையாருக்குத் தும்பிக்கை வந்தாச்சு" என்று மருமகள் சிரித்தாள். நர்ஸ் பெண் என்னிடம் சொன்னது:

"தூங்கறப்ப தொண்டை மூடிக்கும் பாட்டி, மூச்சு நின்னு நின்னு வரும். இனிப்பு நீர் உள்ளவங்க நெறைய பேருக்கு இருக்கு. ராத்திரி பூரா படுத்திருப்பாங்க, ஆனா சரியா தூங்கியிருக்க மாட்டாங்க."

அப்பா அன்று என்னைக் குற்றம் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். மகள் ஏன் பேசவில்லை என்று மட்டும்தான் கேட்டிருப்பாரோ என்று அந்த வயதில் தோன்றவில்லை. இப்போது எத்தனையோ சொல்லலாம் போலிருக்கிறது. கேட்கத்தான் அவர் இல்லை.

நர்ஸ் சொன்னதைச் சரியாக எழுதினேனா, அந்தக் காலத்து டாக்டர்களுக்கு இது தெரிந்திருந்ததா, விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அப்பா குடிக்கவில்லை என்பதை மட்டும் திருத்த வேண்டாம்.