எதிர்வீட்டுக்காரி

கணபதிப் பகுதியில் அந்த மூன்று மாடிக் குடியிருப்பைக் கட்டிய வருஷமே வெங்கடலட்சுமி அங்கே மேல்மாடியில் குடிவந்தாள். மில்லில் ஃபிட்டராக இருந்த கணவர் சீனிவாசலு காலமான பிறகு, மகள் நவ்யா தன்னோடு வந்துவிடும்படி எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தாள். இவள் அசையவில்லை. கேட்டால், காற்றும் வெளிச்சமும் வேறெங்கே கிடைக்கும் என்பாள். உண்மையில் அவளைப் பிடித்து வைத்திருந்தது எதிர்வீட்டுப் பழனாத்தாள். ரசத்துக்கு உப்புப் போதுமா என்று பார்க்கக்கூட ஒருத்தி மற்றவளைக் கூப்பிடுவாள்.

போன வருஷம் சித்திரையில், ஊருக்குப் போயிருந்த முதல் மாடிக் குடும்பம் காலையில் திரும்பி வந்தது. அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாய் இற்றுப்போய், பூட்டிய வீட்டுக்குள் கேஸ் நிரம்பியிருந்தது. வாசலில் நின்றே கையை நீட்டி லைட்டைப் போட்டார்கள். கட்டடமே ஒருமுறை எழும்பி உட்கார்ந்தது. அவர்கள் தீக்காயத்தோடு பிழைத்தார்கள். ஆனால் படிக்கட்டில் எல்லோரும் போட்டு வைத்திருந்த செருப்பு அலமாரியும் உடைந்த கட்டிலும் பற்றிக்கொண்டன. ஓட முடிந்தவர்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டார்கள். பழனாத்தாளுக்கு மூட்டுவலி.

"நீ எறங்கிப் போயிரு அம்மணி. இந்த முட்டிய வெச்சுட்டு என்னால ஆவாது."

"சும்மா இருங்கக்கா. உங்கள உட்டுப்போட்டு நான் எங்கீங்க போறது?"

பழனாத்தாள் வீட்டுப் பால்கனியைத் திருட்டுக்குப் பயந்து மகன் கம்பிபோட்டு அடைத்திருந்தான். அதனால் வெங்கடலட்சுமி அவளைத் தன் வீட்டுக்கு இழுத்து வந்து, கதவைச் சாத்தி, போர்வையை நனைத்து அடியிடுக்கில் திணித்தாள். இருவரும் பால்கனித் தரையில் ஒட்டி உட்கார்ந்தார்கள். சந்தில் நிறுத்தியிருந்த கார்களை நகர்த்தும்வரை தீயணைப்பு வண்டி உள்ளே வரமுடியவில்லை. அவ்வளவு நேரமும் பழனாத்தாள் அவள் கையை விடவில்லை. ஏணி வந்து, வீரர் ஒருவர், "பெரியம்மாவ மொதல்ல உடுங்கம்மா" என்று வாங்கிக்கொண்டபோதுதான் பிடி தளர்ந்தது.

தூண்கள் விரிசல் கண்டிருந்ததால் கட்டடத்துக்கு சீல் வைத்தார்கள். பழனாத்தாளை மகன் கிருபாசங்கர் சோமனூருக்குக் கூட்டிப்போனான். வெங்கடலட்சுமி மகளோடு சரவணம்பட்டியில் பெரிய அடுக்ககம் ஒன்றுக்குப் போனாள். அங்கே கூரையில் புகையை மோப்பம் பிடிக்கும் கருவி உண்டு, தண்ணீர் பீய்ச்சும் குழாய் உண்டு, படிக்கட்டில் ஒரு செருப்புகூடக் கிடக்காது. எதிர்வீட்டில் இருப்பது யாரென்று மட்டும் இன்னும் தெரியவில்லை. குழம்பு கொதிக்கும்போதெல்லாம் கரண்டியோடு சும்மா நிற்பாள்.

போனில் பேசினால் சோமனூர்த் தறிச்சத்தம்தான் கேட்டது. ஒருநாள் பஸ் ஏறிவிட்டாள்.

"அம்மணி!" என்று கட்டிலிலிருந்து எழ முயன்ற பழனாத்தாள் இளைத்துப் போயிருந்தாள். பக்கத்துத் தறிக்கூடத்தின் சத்தத்தில் இருவரும் கத்திக் கத்தி நலம் விசாரித்தார்கள். திடீரென்று கரண்ட் போனது. தறிகள் நின்றன.

"ஊட்டை இடிச்சுப்போட்டாங்களாமா?" பழனாத்தாள் மெல்லக் கேட்டாள்.

"பாதி இடிச்சாச்சுங்கக்கா. உங்க சமையக்கட்டுச் செவுரு ரோட்டுலிருந்தே தெரியுது."

"பச்சைப் பெயிண்டு?"

"அப்படியே இருக்குதுங்க."

பழனாத்தாள் கட்டிலில் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். பிறகு, "இங்கயே இருந்துரு அம்மணி" என்றாள். மகன் வீட்டில் இருப்பது ஒற்றை அறை என்பது இருவருக்கும் தெரியும்.

"நவ்யா பையன் இஸ்கூல் உட்டு வந்துருவானுங்க. அடுத்த வாரம் வாரேன்" என்று பையை எடுத்துக்கொண்டாள் வெங்கடலட்சுமி.

திரும்பும் வழியெல்லாம் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, 'வீடு வாடகைக்கு' என்று எங்கே தொங்கினாலும் எட்டிப் பார்த்தாள். படியேற வேண்டாத கீழ்வீடாக இருந்தால் இருவருக்கும் போதும்.