வலது கால் பூட்ஸ்

அந்தப் பூட்ஸைக் குப்பைத் தொட்டியில் போட்டவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்டிஸ் டோலெஃப்சன் இறந்து ஒரு மாதம் ஆகிறது. அருங்காட்சியகச் செய்தி மடலுக்கு அவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தா என்று குழுவில் கேட்டார்கள். "நல்லதா, இதமா எழுது ஜோலீன், உன் வாய வெச்சுக்கிட்டு ஏதாவது வம்பு பண்ணிடாதே" என்று வேறு சொன்னார்கள். உட்கார்ந்து எழுதியது இதுதான். அரைப் பக்கத்தில் அடங்கவில்லை. இதமாகவும் இல்லை. அவர்கள் போட மாட்டார்கள் என்று தெரியும், போகட்டும்.

அது ஆர்டிஸின் மகள் லினெட்டின் பூட்ஸ். சிவப்பு ரப்பர், வலது கால், ஐந்து வயதுப் பிள்ளையின் அளவு. ஆற்றோடு போன குழந்தை கரையில் விட்டுவிட்டுப் போனது அது ஒன்றைத்தான். பதினோரு வருடம் அவருக்குப் பக்கத்து மேஜையில் நின்ற எனக்கு இது தெரியாது. ஊரில் வயதானவர்களுக்குக் குழந்தை போனது தெரியும். எங்கள் பெட்டியில் கிடந்தது அந்தப் பூட்ஸ்தான் என்று அவர்களுக்கும் தெரியாது.

விஸ்கான்சினின் வட கோடியில், பெல்டன் ஃபால்ஸ் ஊர் அருங்காட்சியகத்தில் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான். கதவைத் திறப்பதும் நான், கழிப்பறையில் காகிதம் வைப்பதும் நான். சனிக்கிழமை தோறும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குடும்பங்கள் வரும். ஜாடியில் பாலாடையைக் குலுக்கி வெண்ணெய் எடுப்பார்கள், பழைய தட்டச்சு இயந்திரத்தில் பெயரடிப்பார்கள், காகித ஆலையின் விசிலை ஊதி என் காதைச் செவிடாக்குவார்கள். ஓர் ஓரத்தில் ஒரு மேஜை, அதன்மேல் ஒரு மரப்பெட்டி. அதற்குத் தொட்டுப் பார்க்கிற பெட்டி என்று பெயர்.

கண்ணாடிக்குள் வைக்கிற பொருளுக்கு எங்களிடம் ஒரு கதை இருக்க வேண்டும். யாருடையது, எந்த வருடம், எப்படி வந்தது. கதை தெரியாமல் வந்து சேர்கிற சாமான்களைத் தொட்டுப் பார்க்கிற பெட்டியில் போட்டுவிடுவோம். பிள்ளைகள் எடுக்கலாம், போட்டுப் பார்க்கலாம், கீழே போடலாம். உடைந்தால் குப்பை. எல்லா ஊர் அருங்காட்சியகங்களிலும் இப்படித்தான். இந்த விதியை நான் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ஆடியது நான்.

ஆர்டிஸின் கணவர் மெர்வின் ஒரு நாள் அட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அப்போது எனக்கு முன்னால் இருந்தவள் வேலையில் இருந்தாள். பனிக்கட்டி தூக்குகிற இடுக்கி, நாலு பால் புட்டி, ஒரு லாந்தர், ஒற்றை பூட்ஸ். ஒவ்வொன்றையும் காட்டி, இதற்கு என்ன கதை என்று அவள் கேட்டிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் சொன்ன மனிதர், பூட்ஸைக் காட்டியதும், "ஒண்ணுமில்ல, பழசு" என்றாராம். அந்தத் தாளில் இன்னும் இருக்கிறது: 'வரலாறு தெரியாது.' கீழே அவர் கையெழுத்து. அந்தக் குளிர்காலமே மாரடைப்பில் போய்விட்டார்.

அடுத்த வசந்தத்தில் ஆர்டிஸ் வந்து நின்றார். நான் வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அறுபத்தெட்டு வயது, பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் கரண்டி பிடித்த கை. "பிள்ளைங்களோட ஏதாவது வேலை இருந்தா செய்யறேன்" என்றார். ஓசியில் ஆள் கிடைத்தால் விடுவேனா? எந்த மேஜை வேண்டும் என்று கேட்டேன். பெட்டியைக் காட்டினார்.

அவருக்கு வாய் ஜாஸ்தி. எனக்கும்தான், அதனால் ஒத்துப்போயிற்று. பிள்ளைகள் வரிசையில் வந்தால், "மூக்கு நோண்டின கை எது? இதுவா, அதுவா? அந்தக் கைய பாக்கெட்டுல போடு, மத்த கையால தொடு" என்பார். தாய்மார்கள் முகம் சுளிப்பார்கள். பிள்ளைகள் மட்டும் அவரைவிட்டு நகராது. ஆனால் பூட்ஸ் விஷயத்தில் மட்டும் விளையாட்டு கிடையாது. ஆறு வயதுக்கு மேற்பட்ட எவனும் அதில் கால் வைக்கக் கூடாது. பத்து வயது தடியன் ஒருவன் அடம்பிடித்தபோது, "உன் காலு இருக்கிற சைஸுக்கு உங்கப்பாவோட ட்ரக்கைத்தான் மாட்டிக்கணும், போடா" என்று துரத்தினார். சின்னப் பிள்ளைகளுக்குத் தானே மண்டியிட்டு மாட்டிவிடுவார். வலிக்கிற முட்டியை வைத்துக்கொண்டு மண்டியிடுவதும் எழுவதும் சாதாரண வேலை இல்லை.

பிள்ளை கழற்றிப் போட்டதும் பூட்ஸை எடுத்து உள்ளே கையை விடுவார். விட்டு, சிறிது நேரம் அப்படியே வைத்திருப்பார்.

"என்ன, உள்ள புதையலா இருக்கு?" என்று ஒரு முறை கிண்டல் செய்தேன்.

"கல்லு கில்லு இருக்கும். அடுத்த புள்ளை கால குத்தும்."

நம்பிவிட்டேன். நம்பாமல் என்ன, பொறுப்பான மனுஷி என்று குழுவில் பாராட்டிக்கூடப் பேசினேன்.

வருடத்தில் ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் அவர் வர மாட்டார். மார்ச் மாதம் ஆற்றுப் பனிமேல் ஒரு பீப்பாயைக் கொண்டுபோய் நிறுத்துவோம். பனி எந்த நாள், எத்தனை மணிக்கு உடைந்து பீப்பாய் விழும் என்று ஊரே சீட்டில் எழுதிப் போடும், சரியாகச் சொன்னவருக்குப் பரிசு. பாட்டன் காலத்துப் பழக்கம், இப்போது அருங்காட்சியகம் நடத்துகிறது. பீப்பாய் சாய ஆரம்பித்ததும் ஆலைச் சங்கு ஊதும். போட்டது போட்டபடி எல்லோரும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பாலத்துக்கு ஓடுவார்கள். எனக்கு அன்றைக்குப் பத்துக் கை வேண்டும். ஆர்டிஸ் வந்ததே இல்லை.

"வருஷத்துல ஒரு நாள் ஒத்தாசைக்குக் கூப்பிட்டா, அன்னிக்குப் பாத்து உங்களுக்கு முட்டி வலி வந்துடும்" என்று எல்லோர் முன்னாலும் குத்திக் காட்டியிருக்கிறேன்.

"ஆமா, வந்துடும்" என்பார்.

இந்த வருடம் பிப்ரவரியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை பெட்டியைச் சுத்தம் செய்தேன். பூட்ஸின் குதிகால் பிளந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. விரல் பக்கத்தில் ஏற்கெனவே சைக்கிள் ட்யூப் வைத்து ஒட்டிய கறுப்பு ஒட்டு ஒன்று. அந்த ஒட்டைப் பார்த்து, எத்தனை தடவைதான் இதற்கு வைத்தியம் பார்ப்பது என்று நினைத்தேன். தொட்டியில் போட்டேன். மதியம் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போயிற்று. இவ்வளவுதான் நடந்தது. அன்றைக்கு மதியம் சூப் குடித்தேன், நன்றாகவே இருந்தது.

மறுநாள் ஒன்பதரைக்கு ஆர்டிஸ் வந்தார். மேல்கோட்டைக் கழற்றாமலே பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

"ஜோலீன், பூட்ஸ் எங்க?"

"கிழிஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுட்டேன். கவலைய விடுங்க, புதுசு ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். அச்சு அசல் அதே மாதிரி."

"வண்டி வந்துடுச்சா?"

"நேத்தே வந்துடுச்சே."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது, கிழிந்த பூட்ஸுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று. அடிப் பாவி ஜோலீன்.

"அது லினெட்டோடது" என்றார்.

"யாரு லினெட்?"

"எம் பொண்ணு."

அவருக்குப் பிள்ளையே கிடையாது என்று நான் நினைத்திருந்தேன். கேட்டதும் இல்லை.

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்து அறுபத்தாறுல. சங்கு ஊதினதும் அவ தானே பூட்ஸ மாட்டிக்கிட்டா, நான்கூட மாட்டிவிடல. பாலத்துக்குப் பக்கத்துக் கரையில நின்னோம். நான் சீட்டுல ரெண்டு மணி பத்து நிமிஷம்னு எழுதியிருந்தேன். மணி ரெண்டு ஏழு. பீப்பாய் சாஞ்சுக்கிட்டே இருக்கு. விழாத, விழாத, இன்னும் மூணே நிமிஷம்னு அதையே பாத்துக்கிட்டு நின்னேன். அவ கை என் கையில இருந்துது. எப்ப விட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

நான் இன்னொரு நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"ரெண்டு பத்துக்குத்தான் விழுந்துச்சு. ஜெயிச்சுட்டேன். கத்திக்கிட்டே குதிச்சேன், ஜோலீன். குதிச்சுட்டுத்தான் திரும்பிப் பாத்தேன்." கோட்டுப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். "பரிசு தையல் மெஷின். யாரும் போய் வாங்கல. எட்டு நாள் கழிச்சு ஆலைக்காரங்க ஆத்துக்குக் குறுக்க போட்ட மரத்தடுப்புல கெடச்சா. இடது கால்ல பூட்ஸ் இருந்துது, அதோடயே பொதச்சோம். வலது கால் பூட்ஸு கரைச் சேத்துல நின்னுது, சாயாம."

மெர்வின் அதைக் கழுவிச் சமையலறை ஜன்னலில் வைத்தாராம். நாற்பத்திரண்டு வருடம் அங்கேயே இருந்திருக்கிறது. பிறகு, இவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், எங்களிடம் கொண்டுவந்து போட்டுவிட்டார். அந்த மனிதரால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை போலும். அது எங்கே போனது என்று, அவர் இறந்த பிறகு எங்கள் ரசீதைப் பார்த்துத்தான் இவருக்குத் தெரிந்ததாம்.

"கேட்டிருந்தா குடுத்திருப்போமே! ஏன் கேக்கல?" என்றேன். என் குரல் சண்டை போடுகிற மாதிரி இருந்தது.

"கேக்கத்தான் வந்தேன், மொத நாளு. வாசல்ல நிக்கறேன், ஒரு பொடுசு அதை ஒத்தக் கால்ல மாட்டிக்கிட்டு டொக்கு டொக்குன்னு நொண்டிக்கிட்டுப் போவுது. கழட்டிப் போட்டுட்டு ஓடிடுச்சு. எடுத்து உள்ள கைய விட்டேன். சூடா இருந்துது." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்க வீட்டு ஜன்னல்ல அது ஜில்லுனே இருந்துது, ஜோலீன். அத்தனை வருஷமும்."

நான் ஓடிப்போய்க் குப்பைக் கிடங்குக்குப் போன் போட்டேன். எடுத்தவன் சிரித்தான். "ரெண்டு மாவட்டத்துக் குப்பை, நேத்தே மண்ணு தள்ளி மூடியாச்சு. ரப்பர் பூட்ஸா? உள்ள தங்கமா வெச்சிருந்தீங்க?" அவனைத் திட்ட என்னால் முடியவில்லை. போனை வைத்தேன்.

திரும்பி வந்து சொன்னேன். தலையாட்டினார்.

"எங்க கிழிஞ்சிருந்துது?"

"குதிகால்ல."

"ஒட்டியிருக்கலாமே. ட்யூப் வெச்சு ஒட்டினா நிக்கும். முன்னால இருந்துதே ஒண்ணு, மெர்வின் ஒட்டிக் குடுத்தாரு, அவ போறதுக்கு முன்னால, அந்தக் குளிர்காலம்."

"ஒட்டியிருக்கலாம்" என்றேன்.

வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கெஞ்சினேன். மணி பத்தாகியிருந்தது, வாசலில் பிள்ளைகள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. "போய்த் தொற" என்றார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். வெளியே எடுத்ததையெல்லாம் பெட்டிக்குள் அடுக்கினார்.

அன்றைக்கு முழுக்க அவர் அந்த மேஜையில் இருந்தார். அதுதான் கடைசிச் சனிக்கிழமை. மூன்று வாரம் கழித்து, பீப்பாய் விழுவதற்கு முன்பே, தூக்கத்தில் போய்விட்டார். பேப்பரில் போட்ட அறிவிப்பில் 'குழந்தைகள்மேல் பிரியம் கொண்டவர்' என்று ஒரு வரி இருந்தது. தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் ஹாம் ரொட்டி தின்றுகொண்டே எல்லோரும் அதையே சொன்னார்கள். நான் தின்னவில்லை.

ஆனால் சொல்ல வேண்டியது அந்தச் சனிக்கிழமையைப் பற்றி. பதினொரு மணிக்கு பிரின்லி வந்தாள். ஐந்து வயது, வாரம் தவறாமல் வருகிறவள். போன வாரம் பூட்ஸில் கடைசியாகக் கால் வைத்தது அவள்தான். நேரே மேஜைக்கு வந்தவள், கேட்காமலே தரையில் உட்கார்ந்து, வலது கால் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டுக் காலை நீட்டினாள்.

"பூட்ஸ் குடு, ஆர்டிஸ்."

"அது போயிடுச்சு கண்ணு."

"எங்க போச்சு?"

"தொலைஞ்சு போச்சு."

பிரின்லி விடுகிற ஜாதி இல்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "யாரு தொலைச்சா?"

நான் பின்னால் வெண்ணெய் ஜாடியோடு நின்றுகொண்டிருந்தேன். நான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆர்டிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, அந்த முட்டியோடு மண்டியிட்டார். மூலையில் கிடந்த ஷூவை எடுத்துப் பிள்ளையின் காலில் மாட்டி, நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டார். அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டார்.

"நான்தான்" என்றார். "என் கையிலதான் இருந்துது. வேற எதையோ பாத்துக்கிட்டு விட்டுட்டேன்."